171 கிலோமீற்றர்

மொனாஸ்டிர், துனீசியா
04.02.2018

என் மச்சான் றிப்திக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ்வின் கிருபையால் நான் சுகம். நீங்களும் உம்மா வாப்பாவும் சுகமாக இருக்க வேண்டுமென்று ஒவ்வொரு தொழுகையிலும் கேட்கிறேன்.

வந்து இறங்கியதிலிருந்து ஒரே குளிர். இங்கும் கடல் இருக்கிறது, ஆனால் ஒரு துண்டுக் கருவாட்டுக்கு வழியில்லை. கொழும்பில் நீங்கள் வாங்கித் தந்த வேகம் பார்க்கும் கருவியை முதல் நாளே கம்பி வேலிக்குப் பின்னால் நிறுத்திவிட்டேன். டெனிஸ் மட்டை பிடித்த கை விறைத்துப்போய் என் சேர்வ் 154 கிலோமீற்றருக்கு மேல் ஏறவில்லை. கூட்டி எழுதலாம் என்று பார்த்தேன், நீங்கள் அங்கிருந்தே கண்டுபிடித்துவிடுவீர்கள் என்ற பயத்தில் விட்டுவிட்டேன்.

போன் விஷயத்தில் எனக்கு இன்னும் கோபம் ஆறவில்லை. ஆட்டம் முடியும்வரை வீட்டோடு பேசுவதில்லை, ஈமெயிலில் உங்களுக்குக் கடிதம் மட்டும்தான் என்று வாக்குக் கொடுத்தேன், மீற மாட்டேன். ஆனால் ஒன்று சொல்கிறேன், மறியலில் கம்பிக்குள்ளே இருப்பவனைக் கூடக் கிழமைக்கு ஒரு தடவை ஆட்களைப் பார்க்க விடுகிறார்கள்.

வாப்பாவின் இருமல் எப்படி? நான் புறப்பட்ட அன்று வாசல்வரை வந்தவர் இடையில் நின்று மூச்சு வாங்கினார். ஒரு நடை சிலாபத்துக்குக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டுங்கள். என் ஆட்டத்தைப் பற்றி அவரிடம் சொல்லும்போது எண்களைச் சொல்லிக் குழப்ப வேண்டாம். "பந்து அங்கால விழுந்திச்சா மகள்?" என்று ஒன்றுதான் அவர் கேட்பார். வலைக்கு அந்தப் பக்கம் விழுந்தது என்றால் அவருக்குப் போதும்.

உங்கள்
ஷஸ்னா


புத்தளம்
09.02.2018

அன்புள்ள ஷஸ்னாவுக்கு,

வஅலைக்குமுஸ்ஸலாம். உன் கோபத்தைக் கடிதத்தில் செலவழிக்காதே, சேர்வுக்கு மிச்சம் வை.

போன வருடம் டெல்லியில் நீ ஆடியதையெல்லாம் மறுபடி எடுத்துப் பார்த்தேன். வீட்டோடு பேசிய மறுநாள் உன் முதல் சேர்வ் பத்துக் கிலோமீற்றர் குறைந்திருக்கிறது, ஒரு தடவையல்ல, ஒவ்வொரு தடவையும். மாமி போனில் "ஏன் இப்பிடி மெலிஞ்சிட்டாய் மகள்" என்று அழுவார், நீ விடிய விடிய விழித்திருப்பாய், காலையில் தோள் பிடித்துக்கொள்ளும். பயிற்சி கொடுக்கிறவன் புருஷனாகவும் இருந்தால் சில விஷயங்களில் புருஷன் வாயை மூடிக்கொள்ள வேண்டியிருக்கிறது.

சேர்வ் போடும்போது பந்தை உன் தலைக்கு நேரே எறிகிறாய். ஒரு சாண் முன்னால் எறி. உடம்பு அதைத் தேடிக்கொண்டு போகட்டும்.

உன் செலவைப் பார்க்கிற கற்பிட்டி சுஹைர் ஹாஜியாரைக் கண்டேன். அவர் ஹோட்டலில் உன் படத்தை, மஸாஹிரின் மகள் என்று எழுதி, பெரிதாக மாட்டியிருக்கிறார். ஆனால் ஒரு தரவரிசைப் புள்ளியாவது வராவிட்டால் அடுத்த வருடம் உன்னை அனுப்ப அவருக்கு முகமில்லை என்றார். அதை மனதில் வைத்துக்கொள்.

மாமாவைச் சிலாபம் ஆஸ்பத்திரியில் காட்டினேன். நெஞ்சில் சளி என்று வைத்துக்கொண்டார்கள். பயப்பட ஒன்றுமில்லை, நான்தான் பக்கத்தில் நிற்கிறேன்.

றிப்தி


மொனாஸ்டிர்
18.02.2018

மச்சான்,

அஸ்ஸலாமு அலைக்கும். தகுதிச் சுற்றில் இரண்டு ஆட்டம் வென்றேன். ஒரு சாண் முன்னால் எறிந்தேன், 161 வந்தது. நீங்கள் சொன்னது சரிதான், தலைக்கனம் பிடித்துவிடாதீர்கள்.

ஆனால் எனக்கு இங்கே இருப்புக்கொள்ளவில்லை. வாப்பா ஆஸ்பத்திரியில் தங்குகிற ஆளா? முள் குத்திக் கால் வீங்கிய நேரமும் இறால் வலையைப் போட்டுவிட்டுத்தான் மருந்துக்குப் போனவர். அவர் படுத்திருக்கிறார் என்றால் சும்மா இருக்காது. நேற்று வாக்கை மீறி உம்மாவுக்கு இரண்டு தடவை போன் அடித்தேன். எடுக்கவில்லை. எடுக்க வேண்டாம் என்று நீங்கள் சொல்லி வைத்திருப்பீர்கள்.

டிக்கட்டை மாற்றலாம், விசாரித்துவிட்டேன். மூன்று நாளில் கரைத்தீவுக்கு, உம்மா வீட்டுக்கு வந்துவிடுவேன். வரட்டுமா? "வா" என்று ஒரு சொல் எழுதுங்கள், நான் மட்டையைக் கட்டி வைத்துவிடுகிறேன்.

ஷஸ்னா


புத்தளம்
20.02.2018

அன்புள்ள ஷஸ்னாவுக்கு,

வர வேண்டாம். மாமா வீட்டுக்கு வந்துவிட்டார். இன்று கஞ்சி குடித்துவிட்டுச் சாய்வுக் கதிரையில் இருந்து என்னோடு சண்டை பிடித்தார், வலையை யாரோ தவறாகக் காயப்போட்டார்களாம். சண்டை பிடிக்கிற மனுஷனுக்கு ஒன்றும் ஆகாது.

இப்போது நீ வந்தால் அவர்தான் முதலில் உன்னை ஏசுவார். உன் உடம்பு இப்போதுதான் சூடேறி வருகிறது. இந்த நேரத்தில் விட்டால் பிறகு பிடிக்க ஆறு மாதம் போகும். ஆட்டத்தைப் பார்.

றிப்தி


புத்தளம்
06.03.2018

என் கண்மணி ஷஸ்னாவுக்கு,

நீ அனுப்பிய எண்களைப் பார்த்தேன். 164, 166. மாஷா அல்லாஹ்.

வீட்டில் எல்லோரும் சுகம். மாமிக்கு முழங்கால் வலி, அதனால் இப்போது வெளியே எங்கும் போவதில்லை, அறைக்குள்ளேயே இருக்கிறார். ஆட்கள் வந்து பார்த்துவிட்டுப் போகிறார்கள். நேற்று முன்தினம் வீட்டில் குர்ஆன் கத்தம் ஓதிச் சாப்பாடு கொடுத்தோம். உன் ஆட்டம் நல்லபடி நடக்க என்று வைத்துக்கொள்.

மாமா உனக்கு ஸலாம் சொல்லச் சொன்னார். இரண்டாவது சேர்வைச் சுழற்றி இன்னும் உயரமாக எழும்பப் பண்ணட்டும் என்கிறார்.

நன்றாகச் சாப்பிடு. நேரத்துக்குத் தூங்கு. இங்குள்ள ஒன்றையும் நினைக்காதே.

உன்
றிப்தி


மொனாஸ்டிர்
11.03.2018

என் தங்க மச்சானுக்கு,

இருந்துகொண்டு வாசியுங்கள். முதன்மைச் சுற்றில் வென்றுவிட்டேன். முதல் புள்ளி கிடைத்துவிட்டது. கடைசி கேமில் ஒரு சேர்வ் போட்டேன், எதிரே நின்ற செக் நாட்டுப் பிள்ளை அசையவே இல்லை. ஓடிப்போய்க் கருவியைப் பார்த்தேன். 171. இரண்டு தடவை பார்த்தேன், 171தான். அன்றைக்கு எனக்கு நானே ஐஸ்கிறீம் வாங்கிக் கொடுத்துக்கொண்டேன்.

வாப்பா எப்போது டெனிஸ் படித்தார்? இரண்டாவது சேர்வாம், சுழற்றுவதாம். ஆஸ்பத்திரியில் பக்கத்துக் கட்டிலில் யாரோ பயிற்சியாளர் படுத்திருந்தார் போல. சிரிப்புத் தாங்கவில்லை. ஆனாலும் அவர் சொன்னபடியே செய்தேன், பந்து எழும்பியது. பந்து அங்கால விழுந்தது என்று அவரிடம் சொல்லுங்கள். பிடிக்க ஆள் இல்லாமல் விழுந்தது என்று சொல்லுங்கள்.

உம்மாவின் முழங்காலுக்கு அலுமாரி மேல்தட்டில் எண்ணெய்ப் போத்தல் இருக்கிறது, தேய்த்துவிடச் சொல்லுங்கள். இன்னும் ஒரு மாதம்தானே, வந்து நானே தேய்த்துவிடுகிறேன்.

உங்கள்
ஷஸ்னா


மொனாஸ்டிர்
01.04.2018

றிப்தி அவர்களுக்கு,

நேற்று என் ஆட்டத்தைப் பார்க்கச் சிலாபத்துக்காரர் ஒருவர் வந்தார். மனுவேல் என்று பெயர். இங்கே ஒரு ஹோட்டல் சமையலறையில் வேலை, லீவில் ஊருக்குப் போய் இப்போதுதான் திரும்பியிருக்கிறார். வாப்பாவிடம் இறால் எடுத்துச் சிலாபம் சந்தைக்குக் கொண்டுபோகிற குடும்பம். ஆட்டம் முடிய வந்து கையைப் பிடித்துக்கொண்டார்.

"உங்கட வாப்பாட மையத்து அடக்கத்துக்கு நானும் வந்தன் தங்கச்சி. ஊர்ச் சனம் கொஞ்சம் கதைச்சதுதான், மகள் வரல்லயென்டு. நான் சொன்னன், புள்ளைக்கும் ஒரு தொழில் இருக்குத்தானேயென்டு."

"ஆர்ட வாப்பா?" என்று கேட்டேன். பாவம் அந்த மனிதர், தான் என்ன செய்துவிட்டோம் என்று விளங்கியதும் தன் போனை எடுத்து என் கையில் வைத்தார்.

அவருடைய போனில் உம்மாவைப் பிடித்தேன். என் குரலைக் கேட்டதும் உம்மா, "இப்பதான் ஒனக்கு நேரம் கெடச்சிச்சா?" என்றார்.

வாப்பா வீட்டுக்கு வரவேயில்லை. கஞ்சியும் குடிக்கவில்லை, கதிரையில் இருக்கவுமில்லை. பிப்ரவரி 26ஆம் திகதி சிலாபத்திலேயே மௌத்தாகியிருக்கிறார். முழங்கால் வலி என்று எழுதினீர்கள், உம்மா வெள்ளை உடுத்து, புருஷனை இழந்தவள் வீட்டோடு இருக்கிற இத்தா இருந்திருக்கிறார். என் வெற்றிக்கு என்று நீங்கள் எழுதிய கத்தம் வாப்பாவின் ஏழாம் நாள் கத்தம். நான் 171 போட்டு ஐஸ்கிறீம் சாப்பிட்ட நேரம் வாப்பா மண்ணுக்குள் இருந்தார். மண்ணுக்குள் இருந்தவர் பெயரில் எனக்கு ஸலாம் எழுதியிருக்கிறீர்கள்.

மறைத்ததைக்கூட ஒரு காலத்தில் என் மனம் ஆறி மன்னித்திருக்கலாம். பிள்ளை தூரத்தில் இருக்கிறது, சொல்லிப் பதறவைக்கக் கூடாது என்று எங்கள் ஆட்கள் செய்வதுதான். நீங்கள் அதோடு நிற்கவில்லை. வாப்பா கட்டிலில் கிடந்தபடி "மகள் எப்ப வாறா?" என்று கேட்டாராம். "அவக்குச் சொல்லிட்டன் மாமா, ஆட்டம் முடிச்சிட்டுத்தான் வாறயாம்" என்றீர்களாம். வாப்பா அதற்குப் பிறகு கேட்கவில்லையாம். இதை உம்மா சொல்லித்தான் எனக்குத் தெரியும். நான் எல்லாம் தெரிந்துகொண்டே பந்து அடித்துக்கொண்டிருக்கிறேன் என்று உம்மா இத்தனை நாளும் நினைத்திருக்கிறார். என் வாப்பா அப்படி நினைத்துக்கொண்டே போய்ச் சேர்ந்திருக்கிறார்.

நீங்கள் ஆம்பிளை. உங்களுக்கு மையவாடி இருக்கிறது. ஜும்ஆ முடிய, வாப்பாவை அடக்கிய கபுறடியில் நின்று ஸலாம் சொல்லிவிட்டு வரலாம். எங்கள் ஊரில் பெண்பிள்ளைக்கு அந்தக் கேற் திறக்காது. மையத்தை வைத்த சந்தூக்கைத் தூக்குவதற்கு முன் துணியை விலக்கிக் காட்டுகிற முகம் ஒன்றுதான் எங்களுக்குக் கிடைப்பது, அதோடு சரி. வரட்டுமா என்று நான் கேட்ட அன்று "வா" என்று எழுதியிருந்தால் உயிரோடேயே பார்த்திருப்பேன்.

ஷஸ்னா


புத்தளம்
07.04.2018

ஷஸ்னா,

உன் கடிதத்தை வாசித்து வாசித்துப் பைத்தியம் பிடிக்கிறது. என்னை ஏசு, ஆனால் நான் சொல்வதையும் கேள்.

மாமாவை நான்தான் குளிப்பாட்டினேன். சந்தூக்கின் முன்பக்கத்தை நான்தான் தூக்கினேன். ஆண்பிள்ளை இல்லாத மனிதருக்கு ஆண்பிள்ளையாக நின்றேன். எனக்குத் துக்கம் இல்லையென்று நினைக்காதே.

நீ வந்திருந்தால் என்ன நடந்திருக்கும்? மாமியின் இத்தா முடியும்வரை இருந்திருப்பாய். பிறகு ஊர் உன்னை விட்டிருக்குமா, சுஹைர் ஹாஜியார் காத்திருப்பாரா? உப்பளத்துக் கிளப்பில் வெடித்துப்போன சிமெந்துத் தரையில் எட்டு வருடம் நாம் பட்டதெல்லாம் உப்பாகக் கரைந்திருக்கும். முதல் கிழமை முடிய எழுதலாம் என்றுதான் இருந்தேன். அப்போது நீ வெல்லத் தொடங்கிவிட்டாய். எப்படி எழுதுவது?

மாமாவிடம் சொன்னது திட்டம் போட்டுச் சொன்னதல்ல. அவர் கேட்டுக்கொண்டே இருந்தார், அந்தச் சொல் வாயில் வந்துவிட்டது. பிறகு திருப்பி எடுக்க இடம் வரவில்லை. மாமியிடமும் அதையே சொல்ல வேண்டி வந்தது.

கோபம் ஆறியதும் எழுது. இந்தக் கவலையில் உன் கை விழுந்துவிடும் என்றுதான் எனக்குப் பயமாக இருக்கிறது. தோளைக் குளிரவிடாதே. இந்தக் கிழமை ஆடினாயா? எண்கள் வரவில்லை.

றிப்தி


மொனாஸ்டிர்
10.04.2018

றிப்தி அவர்களுக்கு,

எண்கள் கேட்டீர்கள். வாப்பா மௌத்தானது தெரிந்த மறுநாள் ஆட்டம் இருந்தது. அழுது முகம் வீங்கி, விடிகிற சஹர்வரை கண்மூடாமல்தான் போனேன். 173 போட்டேன். அதற்கடுத்த ஆட்டத்தில் 172. எனக்கே என் கையைப் பார்க்க வெறுப்பாக இருந்தது. ஆனால் கை விழவில்லை. சொல்லியிருந்தாலும் விழுந்திருக்காது. வீட்டோடு பேசினால் என் வேகம் குறையும் என்று எந்தக் கணக்கை வைத்துக்கொண்டு என் வாப்பாவைச் சாகவிட்டீர்களோ, அந்தக் கணக்கே பிழை.

முன்பே போட்டிருந்த டிக்கட்டில் நாளைக்குப் புறப்படுகிறேன். கரைத்தீவுக்கு உம்மாவிடம்தான் போவேன், புத்தளத்துக்கு வர மாட்டேன். நீங்களும் அங்கே வர வேண்டாம். காதியாரிடம் பிரிவு கேட்டு எழுதப்போகிறேன், மறுக்காமல் ஒப்புக்கொள்ளுங்கள்.

உம்மாவின் இத்தா முடிந்ததும் மறுபடி வெளியே போய் ஆடுவேன். யார் அனுப்புவார்கள் என்று இன்னும் தெரியாது, அது என் பாடு. நான் இல்லாத நேரம் உம்மாவுக்கு ஒன்று என்றால் எனக்குச் சொல்ல ஒரு ஆள் வேண்டும் அல்லவா? மனுவேல் அண்ணனின் நம்பரை உம்மாவிடம் கொடுத்துவிட்டேன்.

ஷஸ்னா மஸாஹிர்