சித்தப்பா உடைத்த வால்நட்

அன்பு மகனுக்கு, அம்மா சொல்லச் சொல்ல உன் தங்கை எழுதுவது. சித்தப்பாவின் வயிற்றைத் தவிர இங்கே எல்லோரும் நலம், நீயும் வேளைக்குச் சாப்பிட்டு நன்றாகத் தூங்கி நலமாக இருக்க வேண்டும். என் கண்ணாடியின் கால் ஒடிந்து கடையில் கிடக்கிறது, அதனால்தான் இந்தத் தடவை கையெழுத்து அழகாக இருக்கிறது.

நீ வாங்கிக் கொடுத்த கார் மூச்சு வாங்குகிறது என்று சொன்னேன் அல்லவா. காலையில் கிளப்பினால் உடம்பெல்லாம் உதறும், நம் சலவைக் கடையிலிருந்து விரிப்புகளை ஏற்றிக்கொண்டு விடுதி மேட்டில் ஏறினால் பாதியில் திணறும். இஞ்சின் கரியைக் கரைக்கும் என்று நீ போனில் சொன்ன மருந்தைப் பெட்ரோல் டேங்கில் பாட்டில் பாட்டிலாக ஊற்றினோம், குடித்துவிட்டு அப்படியே நின்றது. சித்தப்பா பானெட்டைத் திறந்து பார்த்து உச்சுக்கொட்டி, "அண்ணி, இஞ்சின் போச்சு, நானா இருக்கவே எடுத்துக்கிறேன், வேற எவனும் தொட மாட்டான்" என்றார். தம்பி என்றால் உன் அப்பா உருகிவிடுவாரே, "சனிக்கிழமைக்குள்ள சரியாகலன்னா நீயே ஓட்டிட்டுப் போடா" என்று வாக்குக் கொடுத்துவிட்டு இஸ்திரி போடப் போய்விட்டார். கார் போனால் விரிப்பு மூட்டைகளை நான் தலையிலா சுமப்பேன், விடுதிக்காரர்கள் வேறு சலவைக் கடையைப் பார்த்துக்கொள்வார்கள்.

தெருமுனை மெக்கானிக்கிடம் போனால், மருந்து ஊற்றிய கதையைக் கேட்டுச் சிரிக்கிறார். இந்த மாதிரி இஞ்சினில் பெட்ரோல் நேராக சிலிண்டருக்குள் பீய்ச்சுகிறதாம், காற்று உள்ளே போகிற வால்வின் முதுகில் ஒரு சொட்டுகூடப் படாதாம், எண்ணெய்ப் புகைதான் படிந்து படிந்து கரியாகுமாம். "முதுகு அரிச்சா முழங்காலச் சொறிஞ்சிருக்கீங்கம்மா" என்றார். கழற்றிக் காட்டினார், அடிப்பிடித்த பாத்திரம் தோற்றது. வால்நட் கொட்டையின் ஓட்டைப் பொடித்துக் காற்றோடு வேகமாக அடித்தால் கரி உதிரும், உலோகத்தில் கீறல் விழாது என்றார். ஆனால் அவருடைய பொடி மூட்டை மழையில் நனைந்து செங்கல்லாகிவிட்டது, புதிது வர அடுத்த வாரம் ஆகுமாம்.

உன் தங்கை அவர் சொன்னதைக் கவனமாகக் கேட்டுக்கொண்டாள். திரும்பும் வழியில் மளிகைக் கடை வாசலில் என் கையைப் பிடித்து இழுத்தாள், ஓட்டோடு ஒரு மூட்டை வால்நட் வாங்கி வந்தோம். கொஞ்சம் உடைத்ததிலேயே என் விரல் வீங்கிவிட்டது. அந்த நேரம் பார்த்து சித்தப்பா காரைப் பார்க்க வந்தார். இவள் தலை நிமிராமல் ஒரு தட்டு வால்நட்டையும் சுத்தியலையும் அவர் முன்னால் வைத்தாள். தினமும் வந்தார், தினமும் உடைத்தார், தின்றார், தட்டு காலியாகக் காலியாக இவள் நிரப்பினாள். "வாய் பேசாத புள்ளைக்குத்தான் அண்ணி பாசம் ஜாஸ்தி" என்று கண் கலங்கினார். ஒரு ஓடு கீழே சிந்தாமல் இவள் பொறுக்கியதை மட்டும் அவர் கவனிக்கவில்லை.

மெக்கானிக் ஓட்டைக் காயவைத்து அரைத்துச் சலித்தார். பொடி உள்ளே விழாதபடி ஒவ்வொரு சிலிண்டராக வால்வு மூடி நிற்கும்படி இஞ்சினைத் திருப்பிவிட்டு அடித்தார், பொடியை உறிஞ்சும் குழாயை உன் தங்கை பிடித்துக்கொண்டாள். இவள் மூக்குதான் கரி, வால்வு பளபள என்று ஆகிவிட்டது.

சனிக்கிழமை சித்தப்பா புதுச் சாவிவளையத்தோடு வந்து நின்றார். வாங்க, விடுதிக்குப் போய்வரலாம் என்று ஏற்றி மடியில் ஒரு மூட்டையை வைத்தேன். கார் மேட்டில் ஒரு இருமல் இல்லாமல் ஏறியது. "என்ன அண்ணி பண்ணீங்க" என்றார். சாலையைப் பார்த்துக்கொண்டே, "எல்லாம் நீங்க உடைச்சுக் கொடுத்ததுதான்" என்றேன். வீடு வந்ததும் சாவிவளையத்தைப் பையில் போட்டுக்கொண்டார். இறங்கியதும் உன் தங்கையிடம் மெதுவாக, "அந்த ஓடு இன்னும் மிச்சம் இருக்காம்மா, என் வண்டியும் கொஞ்ச நாளா மேட்டுல திணறுது" என்றார். இப்போது அப்பா உட்கார்ந்து சித்தப்பா வண்டிக்காக உடைத்துக்கொண்டிருக்கிறார், காரைத் தருவதாக வாக்குக் கொடுத்தவர் அவர்தானே.

நீ போகிற வழியெல்லாம் உனக்கு ஏறுமுகமாக இருக்கட்டும், என் ஆசி எப்போதும் உண்டு. உன் காரும் இதே ஜாதியாம், எதையும் டேங்கில் ஊற்றிவைக்காதே. சித்தப்பா போன் செய்தால் வயிறு எப்படி என்று மட்டும் கேட்காதே.

அன்புடன்,
அம்மா