லாரி நிற்கும் தூரம்

ஜாசின்
20 ஜூன் 2025, வெள்ளி

தேவிஸ்ரீயின் அம்மாவுக்கு,

நீ சொன்னபடி நோட்டுப் புத்தகம் வாங்கிவிட்டேன். வாட்ஸ்அப்பில் இரண்டாவது வரியிலேயே சண்டைக்குப் போய்விடுகிறோம். நீ தனியாகப் போன இரண்டு வருடமும் அப்படித்தான். இது அவளுடைய பையில் இருக்கும். வெள்ளிக்கிழமை உன்னிடம் வரும், ஞாயிறு என்னிடம் திரும்பும். நடுவில் அவள் படிப்பாள். பத்து வயது. படிக்கத்தான் செய்வாள்.

இந்த வாரமும் மூன்று நாள். பள்ளியில் காலைச் சபைகூடலில் வரிசையில் நிற்கும்போது கை மரத்துப்போகிறது. நெஞ்சு அடைக்கிறது. "செத்துடுவேன்பா" என்கிறாள். பள்ளி ஆபீஸிலிருந்து போன் வந்ததும் லாரியை அப்படியே திருப்புவேன். கேஸ் சிலிண்டர் தோங்குகள் பின்னால் இடித்துக்கொண்டே வரும். ஒன்பது நிமிடத்தில் பள்ளி வாசல். வீட்டுக்கு வந்ததும் சரியாகிவிடுகிறாள். மைலோ கேட்கிறாள்.

இதயத்தில் ஒன்றுமில்லை என்று ஆஸ்பத்திரியில் எழுதிக் கொடுத்துவிட்டார்கள்.

நான் ஒரு நாளும் தாமதமாகப் போனதில்லை. அதை மட்டும் குறித்துக்கொள்.

காந்தன்

*

புக்கிட் ரம்பாய்
22 ஜூன், ஞாயிறு

தேவிஸ்ரீயின் அப்பாவுக்கு,

குறித்துக்கொண்டேன். ஒன்பது நிமிடம். அதுதான் பிரச்சினை என்று எழுதினால் நோட்டை மூடிவிடாதீர்கள்.

நேற்று ஆலோசகர் ரஷீதாவைப் பார்த்தோம். பேனிக் அட்டாக் என்றார். உயிருக்கு ஆபத்தில்லை. நெருப்பு இல்லாமலே உடம்பு மணி அடிக்கிறது. விட்டால் தானாக ஓயும். ஆனால் ஓய்வதற்கு முன்பே நாம் அவளைத் தூக்கி வந்துவிடுகிறோம். அவள் உடம்பு என்ன கற்றுக்கொள்ளும்? பள்ளி ஆபத்து. அப்பா லாரி வந்தால்தான் உயிர்.

ஸ்ரீ பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தாள்.

"அப்ப நான் சாகமாட்டேன்லா?"

"மாட்ட."

"ஷுவரா ஆன்ட்டி?"

"ஷுவர்."

அடுத்த முறை போங்கள், உள்ளே போகாதீர்கள். லாரி வாசலில் நிற்கட்டும். அவள் டீச்சரோடு நூலகத்தில் உட்கார்ந்து மூச்சை மெதுவாக வெளியே விடுவாள். ஓய்ந்ததும் வகுப்புக்குப் போவாள், வீட்டுக்கு வரமாட்டாள். பிறகு வாரத்துக்கு வாரம் லாரி தள்ளிப் போகும். இடங்களை அவளே எழுதியிருக்கிறாள், அடுத்த பக்கத்தில்: வாசல். பஸ் ஸ்டேஷன். மார்க்கெட். அப்பா வேலை.

முடியவில்லை என்றால் இங்கே ஒரு பள்ளியில் இடம் கேட்டுவைத்திருக்கிறேன். வார நாள்களில் என்னோடு இருப்பாள். மிரட்டலாக எடுத்துக்கொள்ளாதீர்கள். மறைக்கக்கூடாது என்று எழுதுகிறேன்.

வாணி

*

ஜாசின்
27 ஜூன்

தேவிஸ்ரீயின் அம்மாவுக்கு,

நின்றேன். செவ்வாய்க்கிழமை, பதினெட்டு நிமிடம். கேட்டைப் பிடித்துக்கொண்டு.

செக்யூரிட்டி கார்ட் நாகமுத்து வந்தார். "ஏம்பா காந்தா, கேஸ் லாரிய கொண்டாந்து ஸ்கூல் வாசல்ல வச்சிருக்க. பிள்ளைக்கு ஒண்ணும் ஆவாது. எங்களுக்குத்தான் ஆவும் போல." சிரிக்க முடியவில்லை.

நூலக ஜன்னலில் அவள் முகம் வந்தது. லாரியைப் பார்த்தாள். முகம் மறைந்துவிட்டது. அப்புறம் டீச்சரோடு வகுப்புக்கு நடந்தாள். திரும்பிப் பார்க்கவில்லை.

மைலோ கலக்கித் தருவதுதான் எனக்குத் தெரிந்த அன்பு. சும்மா நிற்பது எப்படி உதவியாகும்? விட்டால் ஓயும் என்று உனக்கு எப்படி இத்தனை நிச்சயம்?

காந்தன்

*

புக்கிட் ரம்பாய்
29 ஜூன்

ஸ்ரீ அப்பாவுக்கு,

எனக்கும் வரும். அதனால் நிச்சயம்.

ஜாசினில் இருக்கும்போதே வந்தது. பரமேஸ்வரன் மாமா மகள் கல்யாணத்தில், பந்தியிலிருந்து எழுந்து ஓடினேனே. காரில் நீங்கள் சொன்னது: "எல்லாரும் பாக்கணும்னே ஆடுறல்ல." நான் பதில் சொல்லவில்லை. கை மரத்திருந்தது. அந்த வருடம் முழுவதும் நான் பதில் சொல்லாததெல்லாம் அப்படித்தான்.

இப்போதும் ஃபேக்டரி வாசலில் வரும். நிற்பேன். ஓயும். உள்ளே போவேன். இரண்டு வருடத்தில் ஒரு நாளும் திரும்பி வந்ததில்லை.

ஸ்ரீ இதைப் படிப்பாள். படிக்கட்டும். அம்மாவுக்கும் வரும், அம்மா வேலைக்கும் போகிறாள் என்று அவளுக்குத் தெரியட்டும்.

வாணி

*

ஜாசின்
4 ஜூலை

பஸ் ஸ்டேஷனில் நின்றேன். அவளுக்கு இரண்டு முறை வந்தது. இரண்டும் ஓய்ந்தது.

காந்தன்

*

புக்கிட் ரம்பாய்
6 ஜூலை

ஸ்ரீ அப்பாவுக்கு,

சந்தோஷம். அவளும் சொன்னாள்.

போன வாரம் நான் எழுதிய பக்கத்தின் ஓரத்தில் பென்சிலால் ஒரு டிக் இருக்கிறது. உங்களுடையதா, அவளுடையதா?

வாணி

*

ஜாசின்
18 ஜூலை

வாணிக்கு,

டிக் ஸ்ரீ போட்டது. பக்கத்தில் பேனாவால் இன்னொன்று இருக்கிறது, பார்.

போன வாரம் நோட்டு உன்னிடம் வராததற்குக் காரணம் இருக்கிறது. எழுதி எழுதிக் கிழித்தேன். ஸ்ரீ மிச்சப் பக்கங்களை எண்ணிவிட்டு, "ஸாரி எழுத இவ்ளோ பேப்பர் வேணுமாப்பா?" என்றாள்.

முதலில் அவள் செய்தி. இந்தச் செவ்வாய் நான் மார்க்கெட்டில் நிற்க வேண்டிய நாள். மெர்லிமாவில் டயர் பஞ்சர். ஆபீஸிலிருந்து போன் வந்தபோது ஜாக்கியோடு தரையில் கிடந்தேன். போக வழியில்லை. மறுபடி அழைத்தபோது, "ஸ்ரீ கிளாஸ் போயிட்டா சார்" என்றார்கள். கேண்டீனுக்கு வேறொரு கடையின் கேஸ் லாரி வந்திருந்ததாம். அந்தச் சத்தத்தை என்னுடையது என்று நினைத்திருப்பாள் என்று எண்ணினேன். சாயங்காலம் கேட்டேன்.

"லாரி சத்தம் கேட்டுத்தானே தைரியமா இருந்த?"

"இல்லப்பா. அது வேற லாரிலா. உங்க தோங்கு ரெண்டு தரம் இடிக்கும். அது ஒரு தரம்தான். நீங்க இல்லன்னு எனக்குத் தெரியும்."

"பொறவு?"

"பொறவென்ன. ஓஞ்சிடுச்சு. மேத்ஸுக்குப் போயிட்டேன்."

நான் இல்லாமல் நடந்தது. இதை எழுதும்போது கொஞ்சம் வலிக்கிறது. நல்ல வலிதான்.

இனி என் செய்தி. அன்றைக்குக் காரில் நான் சொன்னது தப்பு. நீ மூச்சுக்குத் திணறிக்கொண்டிருந்தாய். நான் ஸ்டார்ட் செய்துகொண்டே சொன்னேன், உன்னைத் திரும்பிக்கூடப் பார்க்காமல். இதற்கு மேல் எழுதினால் வாதாடுவேன், கிழிப்பேன். நிறுத்திக்கொள்கிறேன்.

ஒன்று கேட்கிறேன். திங்கட்கிழமை மத்தியானம் புக்கிட் ரம்பாய் பக்கம் எனக்கு லோட் உண்டு. உன் ஷிஃப்ட் மூன்று மணிக்கு என்று ஸ்ரீ சொன்னாள். உன் ஃபேக்டரி வாசலில் லாரியை நிறுத்தட்டுமா? உள்ளே வரமாட்டேன். இறங்கவும் மாட்டேன்.

காந்தன்

*

புக்கிட் ரம்பாய்
20 ஜூலை

காந்தனுக்கு,

இங்கே கேட்டுவைத்திருந்த பள்ளி இடத்தை வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். ஸ்ரீ அங்கேயே படிக்கட்டும். திங்கட்கிழமை சபைகூடலில் முன்வரிசையில் நிற்கப் போகிறாளாம். வந்தால் வரட்டும் என்கிறாள்.

வாசல் வேண்டாம். உங்கள் உதவி இல்லாமலே அந்த வாசலை நான் தினம் தாண்டுகிறேன். அது அப்படியே இருக்கட்டும்.

ஆனால் ஸ்ரீயின் பட்டியலைக் கடைசியிலிருந்து, தூரத்திலிருந்து கிட்டே வருகிற மாதிரி, படித்துப் பார்த்தேன். சிக்னல் பக்கத்தில் பெட்ரோல் நிலையம் இருக்கிறது. அங்கிருந்து ஃபேக்டரி தெரியாது. நீங்கள் திரும்பும்போது சத்தம் மட்டும் எனக்குக் கேட்கும். இரண்டு தரம் இடிக்கும், தெரியும்.

அங்கே நிறுத்துங்கள். முதல் வாரத்துக்கு அந்தத் தூரம் போதும்.

வாணி