ஆயாக்கொட்டாய்க்கு உன் பெயரை வைத்துவிட்டார்கள், மரகதம்

என் கண்ணான மரகதத்துக்கு,

நீ உயிரோடு இருந்தவரை உன்னை நான் ஒருநாளும் இப்படி அழைத்ததில்லை. "ஏய்" என்பேன், "தம்பி பொண்டாட்டி" என்பேன், கோபம் வந்தால் உன் ஊரைச் சொல்லி "கரங்கான்காரி" என்பேன். இன்று எழுத உட்கார்ந்ததும் கை தானாகவே இப்படி எழுதிவிட்டது. இருக்கட்டும், அடித்துத் திருத்தவில்லை.

நீ போய் வருஷம் திரும்பிவிட்டது. நேற்று உனக்குப் படையல் போட்டோம். அரிசி கிடைக்கிறது இப்போது. சோறு வடித்து, கருவாட்டுக் குழம்பு வைத்தேன். அப்பா ஒரு வாய் வாங்கிக்கொண்டு, "உப்புக் கம்மி. மரகதம் இருந்தா சரியாப் போட்டிருப்பா" என்றார். உனக்கே போட்ட படையலில்கூட என்னைவிட நீதான் நன்றாகச் சமைக்கிறாய். இதை நான் எங்கே போய்ச் சொல்வேன்?

உன்னிடமே சொல்கிறேன். உன்மேல் எனக்கு இருந்த பொறாமை இன்னும் போகவில்லை.

என் வீட்டுக்காரர் விஷக் காய்ச்சலில் போனபின் அப்பா வீட்டுக்குத் திரும்பி வந்தவள் நான். அம்மா இல்லாத வீடு. அப்பாவுக்கு வாதம் ஒரு பக்கத்தை இழுத்துப் படுக்கையில் போட்டபோது, தூக்கி உட்காரவைத்ததும் குளிப்பாட்டியதும் ஊட்டிவிட்டதும் நான். பிறகு தம்பி சின்னையா உன்னைக் கட்டிக்கொண்டு வந்தான். நீ வந்து ஒரு மாதம் ஆகவில்லை, என் கையில் இருந்த கஞ்சியை அப்பா தள்ளிவிட்டார். "மரகதம் வரட்டும்."

அப்படி என்னதான் செய்தாய் நீ? பக்கத்தில் உட்கார்ந்து அவர் பேசுவதைக் கேட்டாய், அவ்வளவுதான். ரப்பர்த் தோட்டத்தில் பால்மரம் சீவிவிட்டு வந்து, விறகு பொறுக்கி, தண்ணீர் எடுத்து, சமைத்து முடிக்கிறவளுக்குக் கதை கேட்க நேரம் ஏது? நான் வேலை செய்தேன், நீ பெயர் வாங்கினாய். அன்றைக்கு எனக்கு அப்படித்தான் தோன்றியது. இன்றைக்கும் முழுதாக மாற்றிக்கொள்ளவில்லை.

அதற்குள் மலாயாவுக்கு ஜப்பான்காரன் வந்துவிட்டான். தோட்டத்து வெள்ளைக்காரத் துரை பங்களாவைப் பூட்டாமலே ஓடிப்போனான். பால்மரம் சீவுவது நின்று, ஆமணக்கும் மரவள்ளியும் போடச் சொன்னார்கள். சயாமில் ரயில் பாதை போட ஆள் பிடித்தார்கள். "கொஞ்ச மாசந்தான், திரும்பிடுவேன்" என்று லாரியில் நின்றபடி தம்பி சொன்னபோது, அவன் உன்னைப் பார்த்துத்தான் சொன்னான். அதையும் நான் கவனித்தேன்.

நம் லயத்தில் பாதி வீடுகளில் பிள்ளைகள் போனார்கள், கிழடுகள் நின்றார்கள். முன்பென்றால், உழைக்க முடியாதவர்களைக் கப்பலேற்றி இந்தியாவுக்கு அனுப்பிவிடுவார்கள். இப்போது கப்பலும் இல்லை. வேலைக்குப் போகிறவர்களுக்கு மட்டும்தான் அரிசி. ஆபீசில் கணக்கு எழுதும் கிராணி கையை விரித்துவிட்டார்: "வேலை செய்யாத வாய்க்கு அரிசி இல்லம்மா. நான் போட்ட ஆர்டர் இல்ல, மேலேருந்து வந்தது."

வெள்ளையம்மா கிழவி நினைவிருக்கிறதா? ஒரே மகன் சயாமுக்குப் போனபின், கால் இரண்டும் வீங்கி, குப்பையில் கிடந்த மரவள்ளித் தோலைப் பச்சையாகக் கடித்துக்கொண்டிருந்தாள். நீ ஓடிப்போய்ப் பிடுங்கினாய். "அது விஷம் ஆயா" என்றாய். அவள், "தெரியும் தாயி" என்றாள்.

மறுநாள் காலையில் ஆயாக்கொட்டாயைக் கூட்டிக்கொண்டிருந்தாய். தாய்மார்கள் மரம் சீவப் போகும்போது கைக்குழந்தைகளை விட்டுவிட்டுப் போகும் அந்தக் கொட்டகை, மரம் சீவுவது நின்றதிலிருந்து காலியாகக் கிடந்தது.

"எல்லாரையும் இங்க கொண்டாந்துட்டா ஒரே அடுப்பு போதும் அண்ணி. யாரு எந்திரிச்சாங்க, யாருக்குக் காய்ச்சல்னு ஒரே பார்வையில தெரிஞ்சிடும். மாமாவையும் தூக்கிட்டுப் போவோம்."

எனக்கு உச்சி வரை எரிந்தது. "பெத்த மக நான் உசுரோட இருக்கேன். எங்கப்பாவை நாதியத்ததுங்களோட உட்கார வைப்பியா?"

"நாதி இல்லாம போயிடக் கூடாதுன்னுதானே அண்ணி."

படுக்கையிலிருந்து அப்பா குரல் வந்தது. "நான் போறேம்மா. இங்க செவுத்தையே பாத்துக்கிட்டுக் கெடக்கேன்."

கோணிப்பையில் கழி செருகி அவரைத் தூக்கிப் போனார்கள். நான் தலையணையை எடுத்துக்கொண்டு பின்னால் நடந்தேன். கொட்டாயில் கண் தெரியாத கோவிந்தன் தாத்தா ஏதோ சொல்ல, அப்பா வாய்விட்டுச் சிரித்தார். வாதம் வந்ததிலிருந்து அந்தச் சிரிப்பை நான் கேட்டதில்லை. எத்தனை வருஷம் சோறு ஊட்டியும் என்னால் வாங்க முடியாத சிரிப்பு அது.

நீ வீடு வீடாகப் போய், ஆளுக்கு ஒரு கிழங்கு கேட்டாய். கொடுக்க இல்லாதவர்களிடம் உழைப்பைக் கேட்டாய். ஒருத்தி தலை வாரிவிட வந்தாள், ஒருத்தி துணி துவைக்க வந்தாள். முடி வெட்டுகிறவர் வாரம் ஒருமுறை வந்து தாடி மழித்தார். கரங்கானில் மளிகைக் கடை வைத்திருந்த ராவுத்தர் உப்பும் தீப்பெட்டியும் அனுப்பினார். யாருக்காவது ரொம்ப முடியவில்லை என்றால், மாட்டு வண்டியில் போட்டு டவுன் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனாய். லயம் முழுக்க மரகதம், மரகதம். என்னைப் பார்க்கிறவர்கள்கூட, "மரகதத்தோட நாத்தனாரா?" என்று கேட்டார்கள். இந்தத் தோட்டத்தில் பிறந்தவள் நான்!

பிறகு அந்த இடி விழுந்தது. தோட்டத்துக் கிழங்கு கொட்டாய்க்குப் போகிறது என்று மேலே யாரோ சொல்லிவிட்டார்கள். மூடச் சொல்லி உத்தரவு. நீ ஆபீசுக்கு நடந்து போனாய். கிழவர்கள் உட்கார்ந்த இடத்தில் ஆமணக்குக் கொட்டை உடைத்துத் தருவார்கள், அதற்குப் பாதி அரிசியாவது கொடுங்கள் என்று கேட்டுவிட்டு வந்தாய். வேலை வாங்கும் மண்டோர் தலையில் அடித்துக்கொண்டார். "வேலைக்காரங்கன்னு சொன்னா அடுத்த லாரியில ஏத்திடுவானுங்க, தெரியுமா?" அவர் சொன்னபிறகுதான் நீ வெளிறிப்போனதைப் பார்த்தேன்.

ஜப்பான் அதிகாரி நேரில் பார்க்க வந்தான். கூட மொழிபெயர்க்க ஒரு மலையாளத்துக்காரர். வரிசையாக உட்கார்ந்து எல்லோரும் கொட்டை உடைத்தார்கள். கோவிந்தன் தாத்தா விரலாலேயே தடவித் தடவி உடைப்பதை அவன் கொஞ்ச நேரம் நின்று பார்த்தான். இவர்களை எந்த லாரியிலும் ஏற்ற முடியாது என்று அவனுக்கே தெரிந்திருக்கும். பிறகு அப்பாவுக்கு நேரே பிரம்பை நீட்டினான்.

"இவருக்கு ஒரு கை அசையல. இவருக்கு அரிசி இல்லன்னு சொல்றார்" என்றார் மலையாளத்துக்காரர்.

"மாமா பங்கையும் நான் ஒடைக்கிறேன்" என்று நீ முன்னால் வந்தாய்.

எனக்கு வந்ததே கோபம்! எதிரே நிற்பது யார், அவன் இடுப்பில் என்ன தொங்குகிறது என்றெல்லாம் மறந்துபோயிற்று. "இவ யாரு ஒடைக்கிறதுக்கு? பெத்த மக நான் நிக்கிறேன்லா? எங்கப்பா பங்கு எனக்கு."

"அண்ணி, சும்மா இருங்க" என்றாய் பல்லைக் கடித்துக்கொண்டு.

"நீ சும்மா இரு. எல்லாத்துலயும் முந்திக்கிட்டு வர்ற."

அதிகாரி என்ன சண்டை என்று கேட்டான். மலையாளத்துக்காரர் தயங்கித் தயங்கிச் சொன்னார். அவன் உன்னைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். உதட்டோரம் லேசாக இழுத்துக்கொண்டது. அவன் ஊரிலும் நாத்தனார்கள் உண்டோ என்னமோ! இரண்டு பேருமே உடைக்கட்டும், கிழவனுக்கும் சேர்த்துப் பாதி அரிசி கொடுங்கள் என்று சொல்லிவிட்டுப் போனான்.

அவன் போனதும் நீ தரையில் உட்கார்ந்து சிரித்தாய். கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாய். நான் சிரிக்கவில்லை. அன்றுமுதல் வேலை முடிந்து வந்து இருவரும் எதிரெதிரே உட்கார்ந்து போட்டி போட்டு உடைத்தோம். அப்பா எட்டிப் பார்த்து, "மரகதம் குமிச்சதுதான் பெருசு" என்பார். ஒருநாளாவது நீ கொஞ்சம் மெதுவாக உடைத்திருக்கக் கூடாதா?

உனக்குக் கொசுக் காய்ச்சல் வந்தபோது டவுனில்கூடக் கொய்னா மாத்திரை கிடைக்கவில்லை. உன்னைக் கொட்டாயிலேயே படுக்க வைத்தோம். வெள்ளையம்மா கிழவி வீங்கிய காலோடு நகர்ந்து வந்து விசிறினாள். கோவிந்தன் தாத்தா உன் காலைப் பிடித்துவிட்டார். அப்பா தன்னை உன் பாய்க்குப் பக்கத்தில் கொண்டுபோய்ப் போடச் சொன்னார். ஈரத் துணியை உன் நெற்றியில் மாற்றிக்கொண்டே நான் என்ன நினைத்தேன் தெரியுமா? நான் விழுந்தால் யார் வருவார்கள் என்று நினைத்தேன்.

அப்போதுதான் நீ கண்ணைத் திறந்து அதைச் சொன்னாய். "ஒங்களப் பாத்தா எனக்கு எப்பவும் வயித்தெரிச்சல் அண்ணி."

"என்னையா? என்னைப் பாத்தா?"

"மாமா எங்கிட்ட நல்லாத்தான் பேசுவாரு, விருந்தாளிகிட்ட பேசற மாதிரி. வலி வந்தா மட்டும் ஒங்க பேரச் சொல்லித்தான் கத்துவாரு. எங்கப்பா எனக்கு மொகம் தெரியறதுக்கு முன்னயே போயிட்டாரு. ஒருநாளாச்சும் எம்பேரச் சொல்லிக் கத்த மாட்டாரான்னு இருக்கும்."

"பேசாம படு" என்றேன். வேறு என்ன சொல்லியிருக்க வேண்டும், மரகதம்? இத்தனை நாளாகியும் எனக்குத் தெரியவில்லை. அவர் என் பெயரைக் கத்தியது என் காதில் விழவே இல்லை. விழுந்ததெல்லாம் உன் பெயர்தான்.

இரண்டு நாளில் போய்விட்டாய். அதற்கப்புறம் ஜப்பான்காரன் தோற்றுப்போன செய்தி வந்தது. கொஞ்சம் பொறுத்திருக்கலாம் நீ.

உன் வாயால் அதைக் கேட்டபின் என் பொறாமை தீர்ந்திருக்க வேண்டும். தீரவில்லை. செத்தவளோடு எப்படிப் போட்டி போடுவது? இனி நீ ஒரு கஞ்சியையும் அடிப்பிடிக்க விடப்போவதில்லை, ஒருவரையும் அதட்டப்போவதில்லை. தினமும் அதட்டுவது நான். கெட்ட பெயர் எனக்கு.

தம்பி சயாமிலிருந்து திரும்பிவிட்டான். எலும்பும் தோலுமாக வந்தான். படியில் கால் வைக்கும் முன்பே, "மரகதம் எங்கக்கா?" என்றான். நான்தான் சொன்னேன். வெள்ளையம்மாவிடமும் நான்தான் சொல்ல வேண்டியிருந்தது, அவள் மகன் அங்கேயே போய்விட்டான் என்று. கிழவி என் தோளைக் கட்டிக்கொண்டு அழுதுவிட்டு, "மரகதம் இருந்திருந்தா..." என்றாள். அந்த நேரத்தில்கூட!

இன்னொரு செய்தி. துரை வந்துவிட்டான். மரம் சீவ ஆரம்பித்தாயிற்று. குழந்தைகளுக்குக் கொட்டாய் வேண்டும், கிழவர்கள் கிளம்பட்டும் என்று ஆபீசிலிருந்து சொல்லி அனுப்பினார்கள். நான் போய் நின்றேன். பாதிக் கொட்டாய் குழந்தைகளுக்கு, பாதி கிழவர்களுக்கு, பிள்ளைகளைப் பார்க்கிற ஆயாவுக்குத் தூளி ஆட்டவும் ஆள் கிடைக்கும் என்றேன். துரை யோசித்து, இப்போதைக்குச் சரி என்றான். இப்போது அப்பா வராத கையை மடியில் வைத்துக்கொண்டு, வருகிற கையால் கயிற்றை இழுத்துத் தூளி ஆட்டுகிறார். சண்டை போட்டு வாங்கியது நான். ஆனால் லயத்தில் எல்லோரும் அதை 'மரகதம் கொட்டாய்' என்கிறார்கள்.

என் காது கேட்க அப்படிச் சொல்லாதீர்கள் என்று சொல்லிப் பார்த்துவிட்டேன். யாரும் கேட்பதாக இல்லை.

சரி, வாக்குக் கொடுக்கிறேன். நான் நடமாடும்வரை அந்த அடுப்பு அணையாது. பிள்ளை இருக்கிறானா இல்லையா என்று பார்க்காமல், வயதானவர் யார் வந்தாலும் ஒரு வாய்க் கஞ்சியும் படுக்க இடமும் உண்டு. எனக்கு முடியாமல் போனால் இன்னொருத்தியிடம் ஒப்படைத்துவிட்டுத்தான் படுப்பேன்.

நீ மட்டும் அந்தப் பக்கம் கனவில்கூட வந்துவிடாதே. வந்தால் எல்லோரும் உன் பக்கம் திரும்பிவிடுவார்கள், ஒருவரும் என்னிடம் கஞ்சி வாங்க மாட்டார்கள். மீறி வருவதாக இருந்தால், அப்பாவிடம் போகாதே, தம்பியிடமும் போகாதே. முதலில் என்னிடம் வா.

உன் நாத்தனார்,
அமிர்தம்
பாடாங் மேஹா பக்கத்துத் தோட்டம்