கைலி மூடிய தொட்டியில் வெளுத்த மீன்கள்

என் உயிரான மச்சான்,

நீங்கள் அடங்கியிருக்கும் மையவாடிக்குப் பெண்பிள்ளை நான் வர முடியாது. அதனால் என் சலாம் இந்தத் தாளில் வருகிறது. நீங்கள் போனபின் இந்த மீமிசலில் எனக்குச் சண்டை போடக்கூட ஆள் இல்லை.

நம் தெருவில் கரண்டுக் கம்பம் நட்டிருக்கிறார்கள். கொஞ்சம் முந்தி நட்டிருந்தால் உங்கள் மீன்களின் தலைமாட்டில் ஒரு பல்பாவது தொங்கியிருக்கும். ஆமாம், அதுகளைப் பற்றித்தான் சொல்ல வந்தேன். சொல்லத்தான் வாய் வரவில்லை.

வலையில் சிக்கிய அந்த இரண்டு செவத்த மீன்களை, வெள்ளைப் பட்டை போட்டதுகளை, கரையில் கெஞ்சி வாங்கி வந்தீர்களே. சயின்ஸ் வாத்தியாராச்சே, பிள்ளைகளுக்குக் காட்டணும் என்றீர்கள். காட்டி முடித்தும் கண்ணாடித் தொட்டி நம் வீட்டிலேயே தங்கிவிட்டது. பிள்ளையில்லாத வீட்டில் அதுகள் பிள்ளைகளாகிப்போயின. விடிந்ததும் குடத்தில் கடல்தண்ணீர் சுமந்து வந்து, துணியில் வடிகட்டி மாற்றுவீர்கள். இதில் பாதி அக்கறையை என்மேல் வைத்தால் என்னவாம் என்று கேட்பேன். சிரிப்பீர்கள்.

ஒரு அடைமழையில் அதுகள் லேசாக வெளிறியபோது நீங்கள் சொன்னது இன்னும் காதில் இருக்கிறது.

“மீனு செவப்பத் தானா உண்டாக்கிக்கிறதில்ல புள்ள. திங்கிற எறாவுலேருந்துதான் எடுத்துக்கிது. எறா இல்லன்னாலும் வெளுக்கும், வெளிச்சம் இல்லன்னாலும் வெளுக்கும். பயந்தாலும் வெளுக்கும்.”

பிறகு காய்ச்சல் என்று படுத்தீர்கள், எழுந்திருக்கவில்லை. என்னை இத்தாவில் உட்கார வைத்தார்கள். நாலு மாதமும் பத்து நாளும் வெள்ளைச் சேலை, உள்ளறை, வேற்று ஆண் கண்ணில் படக்கூடாது. மீன்தொட்டியும் அந்த அறையில்தான் இருந்தது. ஜன்னலை அடைத்த அன்றே மாமிக்கு ஒரு சந்தேகம் வந்துவிட்டது. உங்கள் உம்மாவுக்கு வராத சந்தேகமா?

“ரெண்டுல ஒண்ணு ஆம்பள மீனா இருந்தா என்னா செய்யிறது?”

நீங்கள் இருந்திருந்தால் விழுந்து விழுந்து சிரித்திருப்பீர்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. இது மார்க்கத்தில் இல்லாத பயம் என்று பள்ளிவாசல் லெப்பையின் மனைவி பக்குவமாக எடுத்துச் சொன்னார். மாமி கேட்கவில்லை. உன் இத்தாவில் குறை வந்தால் கபரில் என் மகனுக்கல்லவா கஷ்டம் என்று அழுதார். மகனை மண்ணுக்குள் வைத்தவரிடம் எப்படி மல்லுக்கு நிற்பேன் மச்சான்? மாமி சொன்னபடி உங்கள் பழைய கைலியை இரண்டாக மடித்துத் தொட்டியை மூடினார்கள்.

அதன்பின் துணியோரத்தைத் தூக்கி இடியாப்பத் துணுக்குப் போடுவதோடு சரி. இறால் வாங்கக் கரைக்குப் போக யார் இருக்கிறார்கள்? அடுத்த வீட்டுப் பெண் நினைத்தபோது ஒரு குடம் தண்ணீர் கொண்டுவந்தாள். இத்தாவுக்கு நடுவிலேயே ஒன்று செத்துப்போனது.

இத்தா முடிந்து கைலியை எடுத்தபோது மற்றது கஞ்சித்தண்ணி நிறத்தில் நின்றது. பட்டை எது, உடம்பு எது என்றே தெரியவில்லை. பார்க்க வந்த பெண்கள், மீனும் ஒன்னோட சேந்து இத்தா இருந்திருக்கு பாரு என்று மூக்கைச் சிந்தினார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. துக்கமாம், துக்கம்! பட்டினியும் இருட்டும் மச்சான், வேறென்ன?

மாமிக்குத்தான் கண்ணில் புரை விழுந்துவிட்டதே. அவர்கள் பேசியது காதில் விழுந்து, சுவரைப் பிடித்துக்கொண்டு வந்து கண்ணாடியைத் தடவினார்.

“செவப்பு போயிருச்சா? நான்தான மூடச் சொன்னேன். என் மவன் வளத்தத நானே அழிச்சுட்டேனே.”

அன்றிலிருந்து சோற்றைத் தொடவில்லை. ஏற்கெனவே எலும்பும் தோலுமாக இருந்தவர். நான் பயந்துபோனேன். நெறம் திரும்பிரும் மாமி, ஒங்க மவன் சொல்லியிருக்காங்க என்று கெஞ்சினேன். அதைக் கேட்ட பிறகுதான் இரண்டு வாய் உள்ளே போனது. தினமும் காலையில் தட்டின் முன் உட்கார்ந்து, நெறம் வந்துச்சா புள்ள என்று கேட்பார். வருது மாமி என்பேன். அப்புறம்தான் சாப்பிடுவார்.

நீங்கள் சொன்னதையெல்லாம் செய்தேன். ஜன்னலைத் திறந்தேன். பொடி இறாலை அரிந்து போட்டேன். தொட்டிப் பக்கம் பூனைபோல் நடந்தேன். வாலடியில் ஒருநாள் கொஞ்சம் சிவப்பு தெரிந்தது, என் ஆசைதானோ என்னவோ. ரொம்ப நாள் இருட்டில் கிடந்தது திரும்பி வருமா வராதா என்று ஏன் எனக்குச் சொல்லாமல் போனீர்கள்? எனக்கும் ஒன்றும் பிடிக்கவில்லை மச்சான். விடிவதே பாரமாக இருக்கிறது.

நேற்று விடிந்ததும் பார்த்தேன். அது அடியில் சாய்ந்து கிடந்தது. முந்தானையில் எடுத்துப்போய்க் கொல்லையில் புதைத்தேன். கை கழுவி வந்து மாமிக்குச் சோறு வைத்தேன்.

“இன்னிக்கி எப்படியிருக்கு புள்ள?”

“செக்கச்செவேல்னு இருக்கு மாமி. ஒங்க மவன் கொண்டாந்த அன்னிக்கி இருந்த மாதிரியே.”

தட்டு காலியாகும்வரை சாப்பிட்டார். இன்னும் கொஞ்சம் வை என்றார். அடுப்படிக்குப் போய் வாயைப் பொத்திக்கொண்டு அழுதேன். எனக்கு அப்படி ஒரு பொய் சொல்ல யார் இருக்கிறார்கள்?

அறந்தாங்கியிலிருந்து என் அண்ணன் என்னைக் கூட்டிப்போக வந்திருக்கிறான். நான் போகமாட்டேன். வெறும் தொட்டிக்குத் தினமும் கடல்தண்ணீர் மாற்றுவேன், அந்தச் சத்தம் மாமி காதில் விழ வேண்டும். உங்கள் உம்மா கேட்கும் காலம்வரை அது சிவப்பாகவே இருக்கும். இது உங்களுக்கு நான் கொடுக்கும் வாக்கு.

உங்கள் பெஞ்சாதி,
உங்கள் உம்மாவுக்கு இனி மகளும் நான்தான்.