கல்யாண மண்டபத்தில் ஒப்பாரி

சென்னை, ஞாயிறு காலை

அன்புள்ள அம்மாவுக்கு,

உன் இருமல் குறைந்ததா? நான் நன்றாக இருக்கிறேன்.

டிவியில் பார்த்துப் பயந்திருப்பாய். நம் ரெட்டிபாளையத்துச் சுண்ணாம்புக்கல் சுரங்கத் தூசியை எதிர்த்து எங்கள் பங்க் ராக் குழு தெருவில் பாடியது. போலீஸ் எங்களைக் கல்யாண மண்டபத்தில் அடைத்து, சாம்பார் சாதம் போட்டு, மாலையில் விட்டுவிட்டது. என்னை மண்டபத்தில் பார்க்கும் உன் ஆசை பாதி நிறைவேறியது.

அங்கேயும் நீ சாவு வீட்டில் பாடும் ஒப்பாரியைக் கிதாரோடு கத்திப் பாடினேன். காவலுக்கு நின்ற பெண் போலீஸ், "நானும் ரெட்டிபாளையந்தான். எங்கம்மா செத்தப்ப இதான் பாடுனாங்க. அடுத்த அடி என்னா?" என்றார். எனக்குத் தெரியவில்லை.

போனில் பதிந்து அனுப்பு. சாவு விழாத வீட்டில் பாடக்கூடாது என்பாய், தெருவில் நின்று பாடு.

கச்சேரி வேன் வந்துவிட்டது. இடையில் இருமினால் அழித்துவிடாதே. அதையும் பாட்டோடு சேர்த்துக்கொள்கிறேன்.

உன் மகள்
வெற்றிச்செல்வி