பொம்மைக் கட்டில் தொட்டிலான நாள்

அன்புள்ள அக்கா,

இந்த அகால நேரத்தில் எழுத உட்கார்ந்ததற்குக் கோபித்துக்கொள்ளாதீர்கள். பகலில் என் மகள் பொம்மை அலமாரியின் கதவைப் பிடுங்கிவிட்டாள். ஒட்டி, வார்னிஷ் பூசி வைத்தேன். எத்தனை முறை கழுவியும் கையிலிருந்து அந்த வாசனை போகவில்லை. பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குவார்ட்டர்ஸில் நாம் அடுத்தடுத்த வீட்டில் இருந்த நாட்களெல்லாம் அதோடு வந்து நிற்கின்றன.

சீமைக்கே திரும்பிப் போன ஒரு துரை வீட்டு ஏலத்தில், என் கணவர் ஒரு பிஸ்கட் டின் நிறையப் பொம்மைச் சாமான் வாங்கி வந்தாரே! கால் ஒடிந்த கட்டில், கதவில்லாத அலமாரி, விரல் நீள நாற்காலிகள். பிறக்கப்போகும் பிள்ளைக்காம். நான் தூக்கிப் போடப் பார்த்தேன். நீங்கள்தான் சுருட்டுப் பெட்டிப் பலகையை அறுத்து, அரத்தால் ராவி, ஒவ்வொன்றாகக் காலும் கதவும் வைக்க ஆரம்பித்தீர்கள். "காலேஜ் படிச்ச பொண்ணு, ஒரு ஆணி நேரா அடிக்கத் தெரியலையே!" என்று என்னைக் கேலி வேறு.

நடுவில் ஓட்டையிருந்த நாற்காலிக்குப் பிரம்பு அறுந்துபோயிருக்கிறது என்று நினைத்து, இரண்டு நாள் உட்கார்ந்து நூலால் பின்னினோம். என் கணவர் பார்த்துவிட்டு, "ஐயையோ, அது கக்கூஸ் நாற்காலி லா! துரை பங்களாவுல பார்த்திருக்கேன்" என்றார். "இருக்கட்டும் தம்பி, உங்க ஆபீஸ்காரங்க வந்தா அதுலயே உட்கார வைப்போம்" என்று நீங்கள் சிரித்த சிரிப்பு!

அதே வாரம்தான் கட்டிலை எடுத்தீர்கள். "நம்ம பிள்ளை கட்டில்லயா தூங்கும்?" என்று மிச்சக் காலையும் அறுத்துவிட்டு, இரண்டு குச்சிக்கு நடுவே நூல் கட்டித் தொட்டிலாகத் தொங்கவிட்டீர்கள். ஒற்றை விரலால் மெல்லத் தள்ளி, "நேரா ஆடுதா பாரு" என்றீர்கள்.

எனக்கு அப்போது எட்டாம் மாதம். "வெறும் தொட்டிலை ஆட்டாதீங்கக்கா! என் பிள்ளைக்கு ஆகாது" என்று கத்தி, உங்கள் கையைத் தட்டிவிட்டேன்.

அந்த நம்பிக்கையெல்லாம் எனக்குக் கிடையாது, அக்கா. பிறந்து இருபது நாளில் உங்கள் பிள்ளை போனது எனக்குத் தெரியும். அந்தத் துக்கம் உங்கள் கை வழியாக என் வயிற்றுக்கு வந்துவிடுமோ என்று பயந்தேன். எழுதவே கூசுகிறது.

நீங்கள் "சரிம்மா" என்றீர்கள். மடியிலிருந்த மரத்தூளைத் தட்டிவிட்டு எழுந்து போனீர்கள்.

என் பிரசவத்துக்கு நீங்கள்தான் கூட நின்றீர்கள். பத்திய ரசம் வைத்துக் கொடுத்தீர்கள். ஆனால் மகள் தொட்டிலில் அழுதால், பக்கத்திலேயே இருந்தும் கை வைக்காமல், "புள்ளை அழுவுது, வாம்மா" என்று அடுப்படியில் இருக்கும் என்னைக் கூப்பிடுவீர்கள். ஏன் என்று எனக்குப் புரிந்தது. "நீங்களே ஆட்டுங்கக்கா" என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லாமல் ஓடி வந்து நானே ஆட்டினேன்.

பிறகு ரயில்வே ஆட்குறைப்பில் உங்கள் வீட்டு அண்ணனுக்கு வேலை போய், நீங்கள் நாகப்பட்டினத்துக்குக் கப்பலேறினீர்கள். பிள்ளைக்குச் சளி என்று சாக்குச் சொல்லி, கிள்ளான் துறைமுகம் வரை வழியனுப்பக்கூட நான் வரவில்லை.

இப்போது மகளுக்குக் கொஞ்சம் உடம்பு சுட்டாலே போதும், மூக்கருகில் கை வைத்து மூச்சைப் பார்த்துக்கொண்டே கிடக்கிறேன். நீங்கள் எப்படித் தாங்கினீர்கள் என்று நான் கேட்டதே இல்லை. அந்தப் பிள்ளை ஆணா பெண்ணா, அந்த இருபது நாளும் என்ன பெயர் சொல்லிக் கூப்பிட்டீர்கள், அதுகூட எனக்குத் தெரியாது.

மன்னித்துவிட்டேன் என்று எழுத வேண்டாம். அந்தப் பெயரை எழுதுங்கள். சீக்கிரம் பதில் போடுங்கள், அக்கா.