ரிப்போர்ட்டில் இல்லாத வலி

ஜூலை 4, வெள்ளி
காலையிலிருந்து சாரல். துவைத்தது எதுவும் காயவில்லை. வயிற்றில் மூன்று தையல், ஒன்றில் மட்டும் அரிப்பு. வாங்க வேண்டியவை: பஞ்சு, பிளாஸ்டர், தாரணிக்கு (அவர் தங்கை) காலேஜ் ரெக்கார்டு நோட்டு.
பயாப்ஸி ரிப்போர்ட் திங்கள் வருமாம். பன்னிரண்டு வருட மாதவிலக்கு வலிக்கு ஒரு பெயர். கேமரா விட்டுப் பார்த்த அன்றே டாக்டரம்மா சொன்னார், கர்ப்பப்பைக்குப் பின்னால் கறுப்புப் புள்ளிகள், எண்டோமெட்ரியோசிஸ்தான் என்று.

ஜூலை 7, திங்கள்
அவர் மட்டும் கோவை போய் ரிப்போர்ட்டை வாங்கி வந்தார். செருப்பைக்கூடக் கழற்றவில்லை. "ஒண்ணுமில்லீன்னு வந்துருச்சு." இரண்டு துண்டுச் சதையிலும் நோய் இல்லையாம்.
அத்தை சாமி படத்தைப் பார்த்துக் கும்பிட்டார். அப்புறம், "பாத்தியா அம்மணி, நீயா நெனச்சுக்கிட்டதுதான். தையல் ஆறுனதும் தறிக்கு வந்துரு."
அழுதேன். சந்தோஷம் என்று நினைத்துக்கொண்டார்கள்.

ஜூலை 10, வியாழன்
சோமனூரிலிருந்து தனியாக பஸ். டாக்டரம்மா படத்தைத் திரையில் காட்டினார். "நான் கண்ணால பாத்தனுங்க. எடுத்தது ரெண்டே துணுக்கு. நோய் இருக்கற எடம் அதுல சிக்காம போயிருக்கலாம். சுட்டு எடுக்கறப்ப கருகியிருக்கலாம். இருக்குதுன்னு வந்தா நம்பலாம். இல்லீன்னு வந்தா, நோயே இல்லீன்னு அர்த்தமில்லீங்க."
எழுதித் தரச் சொன்னேன். தந்தார். மெழுகில் பதித்து வைத்த சதையை இன்னும் சீவிப் பார்க்கச் சொல்வாராம். மாத்திரை இன்றே ஆரம்பம்.

ஜூலை 18, வெள்ளி
மறுபடி சீவியதிலும் இல்லை.
டாக்டரம்மா கடிதத்தை அவரிடம் கொடுத்தேன். முழுக்கப் படித்தார். "மைக்ராஸ்கோப்புல ரெண்டு தடவ பாத்தவங்க சொல்றத நம்பறதா, இந்தம்மா சொல்றத நம்பறதா?"
மதியம் அறுந்த நூலைக் கோக்கக் குனிந்தபோது வலி. அப்படியே உட்கார்ந்துவிட்டேன். இது வலிதானா, நானாக நினைத்துக்கொள்கிறேனா? ஒரு நிமிடம் எனக்கே சந்தேகம். வலியைவிட அது பயமாக இருந்தது.

ஜூலை 19, சனி
பாத்ரூமில் தாரணி. அரை மணி நேரம். தட்டினேன். திறந்துவிட்டுத் திரும்பவும் தரையில் சுருண்டுகொண்டாள். சத்தம் வராமலிருக்க வாயில் துண்டு.
"அண்ணி, அம்மாகிட்டச் சொல்லிப்போடாதீங்க."
"எத்தன நாளா கண்ணு?"
"ப்ளஸ் ஒன்ல இருந்து."
இரண்டு வருடம். ஒரே வீடு. எனக்குத் தெரியவில்லை.
திங்கள் டாக்டரம்மாவிடம் கூட்டிப்போகிறேன். யாரையும் கேட்கப் போவதில்லை.
வீட்டில் சுடுதண்ணீர்ப் பை ஒன்றுதான். அவளுக்குக் கொடுத்துவிட்டுத் தறிக்குப் போனேன்.